காணாமல் போன புள்ளி மூன்று

வீட்டில் கட்டிய சி.என்.சி. இயந்திரங்கள் ஓடுகின்றன, வெட்டுகின்றன, குடைகின்றன. ஆனால் சொன்ன அளவு மட்டும் வருவதில்லை. தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது, இயந்திரத்தைக் கட்டுவதைவிடக் கடினமான வேலை.

கம்ப்யூட்டருக்குச் சொன்னது 50 மி.மீ. அலுமினியத் தகட்டில் குடைந்து முடித்த சதுரக் குழியை வெர்னியர் வைத்துப் பார்த்தால் 49.70. தச்சருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவர் கணக்கில் ஒரு நூல் என்பதே எட்டில் ஒரு அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டருக்கும் மேல். ஆனால் அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்கார வேண்டியது இன்னொரு உலோகப் பாகம் என்றால் 0.30 மி.மீ. என்பது பெரிய பள்ளத்தாக்கு. பாகம் உள்ளே போகாது. போகாத பாகத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

புனே நகரின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் லோஹேகாவ் இந்தச் சங்கடத்துக்குப் பொருத்தமான இடம். துக்காராம் மகாராஜின் தாய்வழி ஊர் என்று மரபு சொல்லும் இந்தக் கிராமத்தில் 1939-ல் பம்பாயைப் பாதுகாப்பதற்காக பிரிட்டிஷார் விமானத் தளம் அமைத்தார்கள். இந்திய விமானப்படையின் முதல் சுகோய்-30 போர் விமானங்கள் 1997-ல் இங்கேதான் படையில் சேர்க்கப்பட்டன. 2017-ல் ஊரின் எஞ்சிய பகுதியும் புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று ஒரு பக்கம் ஓடுபாதை, மறுபக்கம் அடுக்குமாடிகள், சற்றுத் தள்ளிப் பொறியியல் கல்லூரிகள். இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணி என்றால், மூன்று அச்சுகளில் நகரும் சிறிய சி.என்.சி. இயந்திரம் புனே வட்டாரத்தில் மட்டுமல்ல, கோவையிலும் சென்னையிலும்கூட வாடிக்கையான தேர்வாகிவிட்டது.

சாமான்களுக்குப் பஞ்சமில்லை. மோட்டாரும் டிரைவரும் புதவார் பேட்டையில் இருக்கும் தாப்கீர் கல்லியில் தேடலாம். பழைய இரும்புக்கும் கருவிகளுக்கும் ஜுனா பஜார் இருக்கிறது. லீட் ஸ்க்ரூவும் பேரிங்கும் தபாலில் வந்து சேரும். தொழிற்சாலை இயந்திரம் பல லட்சம் கேட்கும் இடத்தில், சில பத்தாயிரங்களில் ஒரு இயந்திரம் எழுந்து நின்றுவிடும். அது நகரவும் செய்யும். பெயர்ப் பலகை, மரச் சிற்பம், அக்ரிலிக் எழுத்து எல்லாம் அழகாக வரும். ஒரு பாகத்தை இன்னொன்றோடு பொருத்த வேண்டிய நாள் வரும்போதுதான் வினையே ஆரம்பம்.

விமானத்தில் பிறந்த கலை

எண்களைக் கொண்டு இயந்திரத்தை ஆட்டுவிக்கும் யோசனையே விமானத் தொழிலில்தான் பிறந்தது. ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளுக்கான வளைவுகளைக் கையால் வெட்டி அலுத்துப்போன அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், வளைவைப் புள்ளிகளாக உடைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரத்தை நகர்த்தினால் என்ன என்று கேட்டார். அமெரிக்க விமானப்படை 1949-ல் பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-ல் துளையிட்ட நாடாவால் இயங்கும் முதல் மில்லிங் இயந்திரத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வால்வுகளால் நிரம்பி, இயந்திரத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டன.

அந்த மூளை இப்போது உள்ளங்கையில் அடங்கும். 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ பலகையும், 2009-ல் நார்வேக்காரர் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்த ஜி.ஆர்.பி.எல். மென்பொருளும் சேர்ந்து, சில நூறு ரூபாய்க்கு மூன்று மோட்டார்களை ஒரே தாளத்தில் ஓட வைக்கின்றன. மூளை மலிவாகிவிட்டது. எலும்பும் மூட்டும் மலிவாகவில்லை. பிரச்னையின் வேர் இதுதான்.

புனே மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய உறவும் உண்டு. பாபள் கிராமத்தில் டாக்டர் ஸ்ரீநாத் கல்பாக் 1983-ல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமத்தில், மாசசூசெட்ஸ் கழகத்தின் ஆதரவோடு 2002-ல் ஒரு 'ஃபேப் லேப்' அமைந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் அமைந்தவற்றில் அதுவும் ஒன்று. கையால் செய்து பார்த்தே படிக்க வேண்டும் என்பது கல்பாக்கின் கொள்கை. சொந்தமாக இயந்திரம் கட்டும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பள்ளியின் மாணவர்தான்.

நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு

கட்டியவர் முதலில் ஏமாறுவது ஒரு கணக்கில். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் ஒவ்வொரு அடியையும் 16 துண்டாக்கினால் 3,200. மோட்டாரோடு இணைந்த லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 0.0025 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு! இவ்வளவு நுணுக்கமான இயந்திரத்தில் 0.30 மி.மீ. எப்படித் தொலையும்?

துடிப்பு என்பது கட்டளை மட்டுமே. அது நகர்வு ஆகாது. அடியைப் பதினாறாகத் துண்டு போடும்போது, ஒரு துண்டுக்குப் பின்னால் இருக்கும் விசை மோட்டாரின் முழுப் பிடிப்பில் பத்தில் ஒரு பங்குதான். எதிரில் உராய்வோ கட்டரின் எதிர்ப்போ இருந்தால் தண்டு அசையாது. அடுத்த சில துடிப்புகள் சேர்ந்த பிறகே அசையும். கடிகாரத்தில் நொடி முள் இருப்பதாலேயே அது சரியான நேரம் காட்டும் என்று ஆகிவிடாது அல்லவா?

இன்னொரு விஷயம், இந்த வகைக் கட்டுப்பாட்டில் திரும்பிப் பார்க்கும் கண் இல்லை. மோட்டார் உண்மையில் எங்கே நிற்கிறது என்று ஆர்டுயினோவுக்குத் தெரியாது. 'பத்து அடி நட' என்று சொல்லிவிட்டு, நடந்துவிட்டதாகவே நம்பிக்கொள்ளும். தொழிற்சாலை இயந்திரங்களில் என்கோடர் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டு இயந்திரத்தில் அந்தக் கண் மனிதனுடையதாக இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் அளவுகோல் மீது

இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் அளக்கும் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். டிஜிட்டல் வெர்னியர் 0.01 மி.மீ. வரை எண் காட்டும். ஆனால் நல்ல தயாரிப்பிலேயே 0.02 மி.மீ. வரை முன்பின் இருக்கலாம் என்றுதான் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். மலிவான கருவிக்கு அந்த உறுதியும் இல்லை. குழியை அளக்கும் உள்வாய் நுனிகள் தேய்ந்திருந்தால் குழி எப்போதும் பெரியதாகவே காட்டும். வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறைத் தேய்த்து எடுக்காமல் அளந்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். கருவியைச் சோதிக்க ஸ்லிப் கேஜ் துண்டு ஒன்று போதும். அது இல்லையென்றால், அளவு பொறித்த நல்ல பேரிங்கின் வெளிவட்டமே மலிவான நீதிபதி.

நீதிபதி என்பது வெறும் உவமை அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லேத் இயந்திரத்துக்குத் துல்லியமான திருகுத் தண்டைக் கொடுத்த ஹென்றி மாட்ஸ்லே, தன் பட்டறையில் வைத்திருந்த மைக்ரோமீட்டருக்கு 'லார்டு சான்சலர்' என்று பெயரிட்டிருந்தார். அன்று இங்கிலாந்தின் நீதித்துறைக்குத் தலைமை வகித்தவரின் பட்டம் அது. பட்டறையில் எந்த அளவுத் தகராறும் அந்தக் கருவியின் முன்தான் தீரும். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பிழைக்கும் ஒரு குணம் உண்டு

கருவி சரி என்று தெரிந்த பிறகு, 'எவ்வளவு பிழை' என்று கேட்பதைவிட 'எப்படிப்பட்ட பிழை' என்று கேட்பதுதான் முக்கியம். அளவு பெரிதாகும்போது பிழையும் கூடவே வளர்கிறதா? எந்த அளவிலும் அதேபோல் நிற்கிறதா? திசை மாறும்போது மட்டும் தலைகாட்டுகிறதா? இல்லை, ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போகிறதா? ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு குற்றவாளி.

இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி, ஒரே அளவில் ஒரு கட்டையும் ஒரு குழியும் வெட்டுவது. 6 மி.மீ. கட்டரால் 50 மி.மீ. சதுரக் கட்டை ஒன்று, 50 மி.மீ. சதுரக் குழி ஒன்று. கட்டை 49.90 வந்தது, குழி 49.70 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டைக்கு 0.10 குறை, குழிக்கு 0.30 குறை. இரண்டின் சராசரி 0.20 குறை. அதுதான் இயந்திரத்தின் நகர்வில் உள்ள பிழை. ஏனென்றால், நகர்வு சுருங்கினால் கட்டை, குழி இரண்டுமே சுருங்கும்.

மிச்சம்? இரண்டும் அந்தச் சராசரியிலிருந்து 0.10 விலகி நிற்கின்றன, எதிரெதிர் திசையில். கட்டை 0.10 பெரிது, குழி 0.10 சிறிது. இது கட்டரின் வேலை. பெட்டியில் 6 மி.மீ. என்று அச்சிட்டிருந்தாலும் கட்டர் 5.90 மி.மீ.க்குத்தான் வெட்டுகிறது. மெலிந்த கட்டர் கட்டையைக் குறைவாகச் செதுக்கும், குழியையும் குறைவாகத் தோண்டும். கட்டர் ஸ்பிண்டிலில் மையம் விலகிச் சுழன்றால் இதற்கு நேர்மாறு: அகலமாக வெட்டி, கட்டையைச் சிறிதாக்கி, குழியைப் பெரிதாக்கும்.

அந்த 0.20-க்கு இன்னொரு சோதனை. அதே கட்டையும் குழியும் 150 மி.மீ. அளவில். சராசரிக் குறை மூன்று மடங்காகி 0.60 ஆனால் அது விகிதப் பிழை: ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணிலோ, திருகின் புரியிலோ, பெல்ட்டின் இழுவையிலோ கோளாறு. மாறாமல் 0.20-லேயே நின்றால் அது திரும்புமிடத்து ஆட்டம். பட்டறை மொழியில் பேக்லாஷ்.

திரும்பும் இடத்தில் திருட்டு

திருகுக்கும் நட்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் எதுவும் சுற்றாது. வலப்பக்கம் தள்ளும்போது நட்டு ஒரு சுவரில் சாய்ந்திருக்கும். இடப்பக்கம் திரும்பச் சொன்னால், மறு சுவரைத் தொடும் வரை திருகு சும்மா சுற்றும். அந்தத் தூரம் நகர்வுக் கணக்கில் வரும், வேலையில் வராது. வட்டம் வெட்டினால் நான்கு திசைகளிலும் சிறு தட்டையோ படியோ தெரியும். அது பேக்லாஷ் போட்டுவிட்டுப் போன கையெழுத்து.

டயல் கேஜை ஊன்றி, ஒரே திசையில் நகர்ந்து வந்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். 1 மி.மீ. முன்னே போகச் சொன்னால் முள் 1.00 காட்டும். 1 மி.மீ. பின்னே வரச் சொன்னால் 0.80 மட்டும் திரும்பினால், ஆட்டம் 0.20.

பெரும்பாலானோர் உடனே நட்டை மாற்றுவார்கள். அவசரம் வேண்டாம். டயல் கேஜை முதலில் திருகின் நுனியில் வைத்து, தண்டே முன்னும் பின்னும் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் குற்றவாளி அதைத் தாங்கும் பேரிங். மோட்டாரையும் திருகையும் இணைக்கும் சுருள் வெட்டிய அலுமினிய கப்ளிங் ஸ்பிரிங்போல நீண்டு சுருங்கும். தண்டை அச்சுவாக்கில் பிடித்துக்கொள்ளும் வேலையை அதனிடம் விட்டிருந்தால் ஆட்டம் நிச்சயம். அடுத்து நட்டைப் பிடித்திருக்கும் தாங்கி, கடைசியாக நட்டு. நட்டுதான் என்று உறுதியானால் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு ஓரளவு காப்பாற்றும். பணம் இருந்தால், முன்னழுத்தம் கொடுத்த பால் ஸ்க்ரூ.

மென்பொருளில் ஆட்டத்தை ஈடுகட்ட முடியாதா? லினக்ஸ் சி.என்.சி., மேக்3 போன்றவற்றில் அந்த வசதி உண்டு, ஜி.ஆர்.பி.எல்.-ன் மூல வடிவத்தில் இல்லை. இருந்தாலும் அது பாதி மருந்துதான். நட்டுக்குள் ஆட்டம் இருக்கும் வரை, கட்டர் இழுக்கும் பக்கம் மேஜை தானாக ஓடும். சும்மா நகரும்போது சரியாக இருப்பது வெட்டும்போது பொய்யாகும்.

தொலைந்த அடிகள்

இன்னொரு வகைப் பிழைக்கு ஒழுங்கே கிடையாது. முதல் அரை மணி நேரம் வேலை சரியாக இருக்கும். பிறகு திடீரென்று முழு உருவமும் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். மோட்டார் அடி தவறியிருக்கிறது.

இதைப் பிடிக்க ஒரு தடயம் உண்டு. ஸ்டெப்பர் மோட்டார் தவறினால் ஓர் அடி, அரை அடி என்று தவறுவதில்லை. அடுத்த காந்த நிலையில் போய் உட்கார வேண்டியிருப்பதால் நான்கு முழு அடிகளாகத் தவறும். அது சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு. 8 மி.மீ. நகர்த்தும் திருகில் 0.16 மி.மீ.; 5 மி.மீ. பால் ஸ்க்ரூவில் 0.10 மி.மீ. பிழை இந்த எண்ணின் மடங்குகளில் வந்தால், பழி திருகின் மேல் இல்லை. வேகத்தை ஏற்றும் விதம் கடுமையாக இருக்கலாம், டிரைவருக்கு மின்னோட்டம் குறைத்து வைத்திருக்கலாம், டிரைவர் சூடாகித் தற்காப்புக்காக நின்று நின்று ஓடலாம். இப்படி எந்த மடங்கிலும் அடங்காமல் அளவு நழுவினால், மோட்டார் தண்டில் கப்ளிங்கைப் பிடிக்கும் சிறு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிண்டிலின் மின் இரைச்சல் கம்பிகளில் ஏறிக் கூடுதல் துடிப்பாக மாறுவதும் உண்டு.

சோதனை எளிது. டயல் கேஜில் பூஜ்யம் வைத்து, கட்டர் எதையும் தொடாமல் முழு நிரலையும் காற்றில் ஓட்டி, மறுபடி பூஜ்யத்துக்கு வரச் சொல்ல வேண்டும். முள் அதே இடத்தில் நின்றால், மோட்டார் காற்றில் நேர்மையானது. பிறகு ஸ்பிண்டிலைப் போட்டு ஒரு முறை, உண்மையாக வெட்டி ஒரு முறை. எந்தக் கட்டத்தில் முள் விலகுகிறதோ, அங்கே தேடினால் போதும்.

வளையும் எலும்பு

நகர்வில் குறையே இல்லாவிட்டாலும் சட்டம் வளைந்தால் எல்லாம் வீண். வட்டத் தண்டுகளை இரு முனைகளில் மட்டும் தாங்கி, அதன்மேல் ஸ்பிண்டிலை ஓடவிடுவது மலிவான வழி. ஆனால் நீளம் இரட்டித்தால் அதே விசைக்குத் தண்டு எட்டு மடங்கு வளையும். தடிமன் கைகொடுக்கும்: 12 மி.மீ. தண்டுக்குப் பதில் 16 மி.மீ. போட்டால் மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு கூடும். கட்டருக்கும் இதே விதி. பிடியிலிருந்து 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதை 30 ஆக உள்ளே தள்ளினாலே வளைவு பாதிக்கும் கீழே போய்விடும். செலவு ஒரு பைசா இல்லை.

ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே 1890-ல் ஒரு விதி சொன்னார்: அளவுகோல், அளக்கப்படும் கோட்டிலேயே இருக்க வேண்டும், தள்ளியிருந்தால் சிறு சாய்வும் பெரும் பிழையாகும். வீட்டு இயந்திரத்தில் கட்டர் முனை தண்டவாளத்துக்கு 150 மி.மீ. கீழே தொங்கும். மேலே வண்டி ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தால் கீழே முனை 0.15 மி.மீ. விலகும். சோதிக்க, ஸ்பிண்டிலின் நுனியில் டயல் கேஜ் வைத்துக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். முள் ஆடும் அளவுதான் கட்டர் ஆடப்போகும் அளவு. எந்த மென்பொருளும் இதைத் திருத்தாது.

மூலை சதுரமாக இருக்கிறதா என்பதற்குக் கொத்தனாரின் மூன்று, நான்கு, ஐந்து கணக்கே போதும். 300-க்கு 400 மி.மீ. செவ்வகத்தின் நான்கு மூலைகளில் துளை போட்டு, இரண்டு குறுக்குக் கோடுகளையும் அளக்க வேண்டும். இரண்டும் 500 என்றால் சதுரம் சரி. 400 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. சாய்ந்திருந்தால் குறுக்குக் கோடுகளில் 1.2 மி.மீ. வித்தியாசம் வரும், சாதாரண எஃகு ஸ்கேலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதன் உயர்குல உறவுதான் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் பிரையன் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பால்பார் சோதனை. இயந்திரத்தை ஒரு வட்டம் சுற்றச் சொல்லி, அந்த வட்டம் எங்கே நசுங்குகிறது என்று பார்த்து நோயைச் சொல்லும் முறை அது.

வெயிலும் மழையும்

உலகம் முழுவதும் நீளங்களுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-ல் சர்வதேச எடை அளவைக் குழு எடுத்த முடிவு. ஆனால் தகரக் கூரை போட்ட பட்டறைக்கு அந்த முடிவு தெரியாது. லோஹேகாவில் கோடைப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. 300 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.14 மி.மீ. நீளும். எஃகு அதில் பாதி நீளும். அக்ரிலிக் என்றால் 0.40 மி.மீ.யைத் தாண்டும். மதியம் வெட்டிய அக்ரிலிக் பாகம் குளிரூட்டிய அலுவலகத்தில் அளக்கப்படும்போது சிறுத்துவிட்டதாகத் தோன்றுவது மாயம் இல்லை. மழைக்காலத்தில் வேறு கதை: மேஜையாகப் போட்ட எம்.டி.எஃப். பலகை ஈரம் குடித்து உப்பும், ஆழத்தின் அளவு குலையும்.

திருகும் குற்றமற்றது அல்ல. உருட்டிச் செய்த சி-7 தரப் பால் ஸ்க்ரூவுக்கு 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. பிழை அனுமதி, சி-10 தரத்துக்கு 0.21. தரமே சொல்லாத லீட் ஸ்க்ரூவிடம் எதையும் கேட்க முடியாது.

எண்ணை மாற்றும் ஆசை

எல்லாவற்றையும்விட ஆபத்தான வைத்தியம், மிகச் சுலபமானதும்கூட. ஜி.ஆர்.பி.எல்.-ல் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணை யாரும் மாற்றலாம். 50 கேட்டு 49.70 வந்ததா? 400-ஐ 402.41 ஆக்கினால் போயிற்று. குழி 49.97 வரும். கட்டியவருக்கு மகிழ்ச்சி.

மகிழ்ச்சி அடுத்த வேலை வரைதான். மேலே சொன்ன அதே இயந்திரத்தில், அதே கட்டரோடு, 150 மி.மீ. குழி இப்போது 150.57 வரும். 50 மி.மீ. கட்டை 50.24 ஆகும். முன்பு ஒரு திசையில் இருந்த தவறு இப்போது இரண்டு திசைகளில் இருக்கிறது. அதோடு காரணமும் மறைந்துவிட்டது. சரியான மருந்து வேறு: மென்பொருளில் கட்டரின் விட்டம் 5.90 என்று எழுத வேண்டும், 0.20 ஆட்டத்தை இரும்பில் தீர்க்க வேண்டும். துடிப்பு எண்ணைத் தொடவே தேவையில்லை.

அந்த எண்ணைத் தொட ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஒரே திசையில், இயன்ற அளவு நீண்ட தூரத்துக்கு நகர்த்தி அளந்த பிறகும் விகிதப் பிழை இருந்தால். 300 கேட்டு 299.80 நகர்ந்தால், 400 பெருக்கல் 300 வகுத்தல் 299.80, அதாவது 400.27. இவ்வளவு சிறிய திருத்தம் நியாயம். திருத்தம் அரை சதவீதத்தைத் தொட்டால், அது திருகின் பிழையாக இருக்காது. சி-10 தரமே 0.07 சதவீதத்தைத்தான் அனுமதிக்கிறது. வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது.

பணயம் என்ன?

பொழுதுபோக்குக்கு 0.30 மி.மீ. பெரிய விஷயமில்லை. ஆனால் புனே, பொழுதுபோக்குக்காக இயந்திரம் கட்டும் ஊர் மட்டுமல்ல. 1960-களில் வேரூன்றிய வாகனத் தொழிலைச் சுற்றிப் போசரியிலும் சாக்கணிலும் சிறு பட்டறைகள் படர்ந்திருக்கின்றன. கோவையையும் ஓசூரையும் அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. அங்கே டிராயிங்கில் 50 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண் இருக்கும்: எவ்வளவு முன்பின் பொறுக்கலாம் என்று. அந்தச் சின்ன எண்தான் ஜாப் ஒர்க் கிடைக்குமா, ரிஜெக்ட் ஆகித் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கிறது. திரும்பி வந்தால் உலோகமும் போயிற்று, நாளும் போயிற்று, அடுத்த ஆர்டரும் போயிற்று.

வீட்டு இயந்திரம் எஃகில் மைக்ரான் கணக்கில் வெட்டப்போவதில்லை. அதற்கான எடையும் விறைப்பும் அதனிடம் இல்லை. ஆனால் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் மெல்லிய அலுமினியத்திலும் 0.10 மி.மீ.க்குள் நம்பிக்கையாகத் திரும்பத் திரும்பத் தருவது, பொறுமையாகச் சரிசெய்த இயந்திரத்துக்கு எட்டாத உயரமல்ல. பேனல் பலகை, ஜிக், மாதிரி அச்சு என்று அந்த அளவுக்குள் அடங்கும் வேலைகள் நிறைய. எதை ஒப்புக்கொள்ளலாம், எதை மறுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது இயந்திரத்தைவிடப் பெரிய மூலதனம்.

இன்னொரு லாபமும் உண்டு, அது ரூபாயில் தெரியாது. ஆயத்தமாக வாங்கிய இயந்திரத்தில் பொத்தானை அழுத்தக் கற்றவருக்கு, அளவு தவறினால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடத்தான் தெரியும். டயல் கேஜை வைத்துப் பேரிங், கப்ளிங், நட்டு என்று ஒவ்வொன்றாக விசாரித்தவருக்கு, பெரிய இயந்திரம் தவறும்போதும் எங்கே காது வைக்க வேண்டும் என்று தெரியும். திட்டப்பணிக்கு மதிப்பெண் வாங்கியதும் இயந்திரத்தை மூலையில் தள்ளிவிடும் மாணவர் இழப்பது இதைத்தான்.

விசாரிக்கும் வரிசை

● வெர்னியரைத் தெரிந்த அளவு ஒன்றில் சோதியுங்கள். பிசிறை நீக்கிவிட்டு அளவெடுங்கள்.

● எல்லா ஸ்க்ரூக்களையும் இறுக்குங்கள். முக்கியமாக மோட்டார் தண்டில் இருப்பவை.

● நிரலில் அங்குலமா மில்லிமீட்டரா, கட்டரின் உண்மையான விட்டம் என்ன என்று பாருங்கள்.

● டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு அச்சிலும் திரும்புமிடத்து ஆட்டத்தை அளந்து, எழுதி வையுங்கள்.

● காற்றில் முழு நிரலை ஓட்டிப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

● ஸ்பிண்டிலைக் கையால் தள்ளி, சட்டம் எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். குறுக்குக் கோடுகளை அளந்து சதுரத்தைச் சோதியுங்கள்.

● கட்டையும் குழியுமாக இரண்டு அளவுகளில் வெட்டிப் பிழையைப் பிரியுங்கள். கடைசி வெட்டை மிக மெல்லியதாக, ஒரே பாதையில் இரண்டு முறை ஓட்டுங்கள்.

● ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

● துடிப்பு எண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள்.

இந்த வரிசையைப் பின்பற்ற ஒரு முழு நாள் போகலாம். டயல் கேஜும் அதைப் பிடிக்கும் காந்தத் தாங்கியும் தவிர வேறு செலவில்லை. ஓடும் இயந்திரத்தைப் பார்த்து நண்பர்கள் கைதட்டிய நாள் ஒன்று இருக்கும். கட்டையைக் குழிக்குள் வைத்தால், தட்டாமல், ஆடாமல், விரல் அழுத்தத்தில் அது இறங்கும் நாள் இன்னொன்று. இயந்திரம் தொழிலுக்குத் தயாரான நாள் இரண்டாவதுதான்.